கிறகோரியார் விழுங்கிய வசனம்

“உனக்குக் கதைக்கத் தெரியாதோ, இல்லாட்டி எங்களோடை கதைக்க மனமில்லையோ?”

நாகேஸ்வரிக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் வைத்துப் பூரணம் மாமி இப்படிக் கேட்டாள். பந்தியில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நாகேஸ்வரி இலையில் கிடந்த பயற்றங்காய்க் கறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுமொழி அவளிடம் இல்லாமல் இல்லை. அது வந்து சேர்ந்தது மறுநாள் மத்தியானம், கிணற்றடியில் கால் கழுவும்போது. நல்ல மறுமொழி, மாமியே வாயடைத்துப் போகக்கூடியது. கேட்பதற்குத்தான் அங்கே வாழைக்கன்றுகளைத் தவிர ஒருவரும் இருக்கவில்லை.

அவளுடைய மறுமொழிகள் எல்லாமே இப்படித்தான் பிந்தி வந்தன. உடுவில் பள்ளிக்கூட விடுதியில் தங்கி இங்கிலீசு படித்துக்கொண்டிருந்தவளை, பெரியபிள்ளையானதும் அவளுடைய ஐயா நமசிவாயம் வந்து கோப்பாய்க்குக் கூட்டிக்கொண்டு போனார். அப்போதும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டியதெல்லாம் பள்ளிக்கூடப் பெட்டி பரணில் ஏறிய பிறகுதான் ஒவ்வொன்றாக நெஞ்சுக்குள் வந்தது. இப்போது பதினேழு வயது. மாமியின் மகன் தில்லைநாதனுக்கு அவளைக் கலியாணம் செய்துவைப்பதென்று முடிவாகிவிட்டது. ஐயாவின் சொந்தத் தமக்கையின் மகன், உரிமை மச்சான். அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்கு வேலை. இதில் பெண்ணைக் கேட்க என்ன இருக்கிறது? சூரியன் உதிக்கலாமா என்று யாரும் கோழியிடம் கேட்பதில்லையே.

வியாழக்கிழமை பொன்னுருக்கு. மாப்பிள்ளை வீட்டில் ஆசாரியார் வந்து தாலிக்கான பொன்னை உருக்கிவிட்டால் பிறகு பேச்சுக்கு இடமில்லை. கலியாணம் பாதி நடந்த மாதிரித்தான். அன்றிலிருந்து பெண் வீட்டுப் படலை தாண்டக்கூடாது. அதற்கு முதல் மருமகளை ஒருதரம் வெளியே கூட்டிக்கொண்டு போய்ச் சந்தோசப்படுத்த வேண்டும் என்று மாமிக்கு ஆசை. மாமி கெட்டவள் அல்ல. வாய்தான் பெரியது, கையும் பெரியது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பட்டணத்துப் படக்கொட்டகையில் பெண்களுக்கு மட்டும் ஒரு காட்சி உண்டு. மாட்டு வண்டிலைக் கட்டுவித்து, ஒரு பெட்டி நிறையப் பயற்றம் பணியாரமும் வைத்து, நாகேஸ்வரியையும் அவளுடைய அம்மா சிவக்கொழுந்தையும் ஏற்றிக்கொண்டாள். தில்லைநாதன் சைக்கிளில் பக்கத்தில் வந்தான். அவனுக்குக் கொட்டகைக்குள் அனுமதியில்லை. வண்டிலுக்குக் காவல்.

கொட்டகை வாசலில் போய்த்தான் தெரிந்தது, இந்தியாவிலிருந்து வரவேண்டிய தமிழ்ப் படம் வந்து சேரவில்லை என்று. அதற்குப் பதிலாக ஓர் அமெரிக்கப் படம் ஓடுகிறதாம்.

“இங்கிலீசுப் படமோ? எங்களுக்கென்னண்டு விளங்கும்?” என்றாள் மாமி.

வாசலில் நின்று ரிக்கற் கிழிக்கிற லூர்த்தம்மா சொன்னாள்: “கிறகோரியார் நிக்கிறார் அக்கா, ஒண்டு விடாமல் சொல்லுவார். குடும்பப் படம். சிரிச்சுச் சிரிச்சு வயிறு நோகும். உள்ளை போங்கோ.”

வெளியே பலகையில் நடிகர்களின் முகங்களை உள்ளூர்க்காரர் ஒருவர் தீட்டியிருந்தார். அப்பாவாக நடித்த பெரிய நடிகரின் பெயரும் அம்மாவாக நடித்தவளின் பெயரும் கொட்டை எழுத்தில் இருந்தன. ஆகக் கீழே, சின்ன எழுத்தில், ‘புதிய நட்சத்திரம்’ என்று ஒரு பெண்ணின் பெயர். ஆனால் தீட்டியவர் அவளுடைய முகத்தைத்தான் எல்லோருடையதையும் விடப் பெரிதாகத் தீட்டிவிட்டார். நாகேஸ்வரி அந்த முகத்தைப் பார்த்தாள். நாடியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, யாரோ ஏதோ சொன்னதற்கு ‘அப்பிடியோ?’ என்று கேட்கிற மாதிரி ஒரு முகம். தன் வயதுதான் இருக்கும் என்று நினைத்தாள்.

கிறகோரியார் வெள்ளைக் கோட்டுப் போட்டு, திரைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில், கையில் ஒரு மணியோடு இருந்தார். அவர் மணியை அடித்தால் மேலே இயந்திரக்காரன் படத்தின் சத்தத்தைக் குறைப்பான். கிறகோரியார் எழும்பி, திரையில் நடப்பதைத் தமிழில் சொல்லுவார். பிறகு மறுபடி மணி, மறுபடி சத்தம்.

“தாய்மாரே! இந்தப் பெரிய வீடு அமெரிக்காவிலை இருக்குது. இவர் வீட்டுக்காரர், வழக்குப் பேசிற பெரிய புறக்டர். பேர் பொன்னம்பலத்தார் எண்டு வையுங்கோவன். இது அவற்றை பெண்சாதி.”

“வெள்ளை உடுத்திருக்கிறா. தாலியறுத்தவவோ?” என்று ஒரு குரல் கேட்டது.

“புருசன் பக்கத்திலை நிக்கிறார், பிறகென்னண்டு தாய்? அங்கை வெள்ளைதான் மங்களம். இந்தா ஓடிவாறா, இவதான் இளைய மகள், குணலட்சுமி!”

குணலட்சுமி மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கிக்கொண்டு வந்து, தேத்தண்ணித் தட்டோடு வந்த வேலைக்காரியின் மேல் மோதினாள். கொட்டகை முழுக்கச் சிரித்தது. அந்தச் சின்ன எழுத்துப் பெண்தான். அவள் வந்ததிலிருந்து வேறு ஒருவரையும் பார்க்க முடியவில்லை. கூரையில் ஏறியிருந்து பாட்டுப் படித்தாள். அயல்வீட்டுக் கோழிகள் சிதறி ஓடின. “அந்த ஊர்த் தேவாரம்,” என்று கிறகோரியார் விளக்கினார். குளிக்கிற தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு மறந்துபோனாள். அது மேல்மாடியிலிருந்து ஒழுகி, விருந்துக்கு வந்த நீதவானின் சூப்புக் கோப்பைக்குள் சொட்டியது. நீதவான் குடிக்கக் குடிக்கக் கோப்பை குறையவில்லை. மாமி சிரித்த சிரிப்பில் பணியாரப் பெட்டி மடியிலிருந்து விழுந்தது.

நாகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. மணி அடித்த பிறகும் படத்தின் சத்தம் முற்றாக நிற்பதில்லை. மெல்லியதாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். அவர்கள் இருந்த மர வாங்கு திரைக்குக் கிட்ட. உடுவிலில் படித்த இங்கிலீசு இத்தனை காலமும் பரணில் கிடந்தும் கெட்டுப்போகவில்லை என்று கண்டாள். அந்தப் பெண் பேசுவது விளங்கியது. கிறகோரியார் பாதியைச் சரியாகச் சொன்னார், மீதியைக் கைக்கு வந்தபடி போட்டார். அதுவும் வேடிக்கையாகத்தான் இருந்தது.

சிக்கல் வந்தது படத்தின் நடுவில். பக்கத்து வீட்டுப் பணக்காரப் பொடியன் ஒருவன் பூங்கொத்தோடு வந்து, படிக்கட்டில் வைத்து, குணலட்சுமியின் கன்னத்தில் உதட்டை வைத்துக் கொஞ்சிவிட்டான்.

“ஐயோ!” என்று கொட்டகை அலறியது. ஒருத்தி தன் பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள். “ஆரடா உவன்?” “எங்களை என்ன படத்துக்குக் கூப்பிட்டனீங்கள்?” “காசைத் தா, நாங்கள் போறம்!”

கிறகோரியார் மணியை விழுந்தடித்து அடித்தார். “பதறாதேங்கோ தாய்மாரே, பதறாதேங்கோ! உவர் தம்பிராசா! முறை மச்சான்! தாய்மாமன்ரை மகன்!”

கொட்டகை முழுவதும் ஒரே மூச்சாக ஆறியது. எழும்பியவர்கள் இருந்தார்கள். கண்ணைப் பொத்தியவள் கையை எடுத்தாள்.

“அதுதானே பார்த்தன்,” என்றாள் மாமி. “மச்சானெண்டால் பிறகென்ன.”

இல்லை என்று நாகேஸ்வரிக்குத் தெரியும். அவன் ஒரு முறையும் இல்லாத அயல்வீட்டுப் பொடியன். ஆனால் படத்தில் அது ஒரு சின்னக் காட்சி. போகட்டும் என்று விட்டாள். கிறகோரியாரும் அந்த நேரத்துக்குத் தப்பினால் போதும் என்றுதான் சொல்லியிருப்பார். அந்த ஒரு சொல் கடைசியில் தன்னையே மடக்கும் என்று அவரும் நினைத்திருக்க மாட்டார்.

கடைசி றீலில் பெரிய விருந்து. பொன்னம்பலத்தார் கோப்பையைத் தூக்கிக்கொண்டு, தன் மகளுக்கும் அந்தப் பொடியனுக்கும் கலியாணம் என்று ஊருக்கு முன்னால் சொல்லிவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். அப்போது படிக்கட்டின் மேலே அவள் வந்து நின்றாள், தொப்பி போட்டு, கையில் ஒரு பெட்டியோடு. நாடி கொஞ்சம் தூக்கியிருந்தது. பேசத் தொடங்கினாள்.

கிறகோரியார் மணியை அடித்தார்.

“அப்பா, அம்மா, என்ரை குழப்படியளை மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு குணலட்சுமி சொல்லுறா. மச்சானைக் கட்டுறது என்ரை பாக்கியம் எண்டு சொல்லுறா. இப்ப பெட்டியோடை கலியாணச் சீலை எடுக்கப் போறா, தாய்மாரே. சுபம்!”

கொட்டகை கைதட்டியது. மாமி நாகேஸ்வரியின் தொடையில் தட்டினாள். “பார்த்தியே பிள்ளை? என்ன துள்ளுத் துள்ளினவள். கடைசியிலை எப்பிடி அடங்கினாள் பார். உப்பிடித்தான் இருக்கோணும்.”

நாகேஸ்வரி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் உண்மையில் என்ன சொன்னாள் என்பது மெல்லிய சத்தத்தில் அவளுக்கு முழுதாகக் கேட்டிருந்தது. தன்னைப் பற்றியென்றால் அவள் பேசாமல் இருந்திருப்பாள். அது பழகிப்போனது. ஆனால் இந்தச் சின்ன எழுத்துப் பெண், எங்கேயோ ஒரு தேசத்தில், விளக்குகளுக்கு முன்னால் நின்று, அந்த ஒரு வசனத்தை எத்தனை தரம் சொல்லிச் சொல்லிப் பழகியிருப்பாள்? இத்தனை கடல் தாண்டி இந்தத் தகரக் கொட்டகைவரை அதைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள். வாசலில் வைத்து ஒருவர் அதைப் பிடுங்கி விழுங்கிவிட்டார். அவள் திரையில் வாயைத் திறந்து மூடினாள். சத்தம் கிறகோரியாருடையது. இந்தத் தடவை மறுமொழி பிந்தி வரவில்லை. அவள் எழும்பியபோது அது முதலே வந்து நாக்கில் நின்றது.

“அவ அப்பிடிச் சொல்லேல்லை.”

முதலில் யாருக்கும் கேட்கவில்லை. அவள் இன்னும் பலமாகச் சொன்னாள். “அவ அப்பிடிச் சொல்லேல்லை! இவர் மாத்திச் சொல்லுறார்.”

அம்மா முந்தானையைப் பிடித்து இழுத்தாள். “இரு பிள்ளை! உனக்கென்ன விசரோ?”

“ஆர் அது?” என்று கிறகோரியார் கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தார். “தங்கச்சி, நான் இந்தத் தொழிலுக்கு வரேக்கை நீர் பிறந்துமிருக்க மாட்டீர்.”

“அப்ப அவ என்ன சொன்னவ எண்டு சொல்லுங்கோவன்.”

“அப்ப என்ன சொன்னவளாம்?” என்று பின் வரிசை வாங்கிலிருந்து ஒரு கிழவி கேட்டாள். அவ்வளவுதான். என்ன சொன்னவள், என்ன சொன்னவள் என்று கொட்டகை முழுக்கப் பிடித்துக்கொண்டது. கால்களால் நிலத்தில் உதைத்தார்கள். “திருப்பிக் காட்டு! கடைசி றீலைத் திருப்பிக் காட்டு!” லூர்த்தம்மா ஓடிவந்து, வெளியே முதலாளி ஓம் என்று சொல்லிவிட்டார், வாங்குகளை உடைக்காதேங்கோ என்று கும்பிட்டாள்.

மேலே றீலைச் சுற்றுகிற நேரத்தில் கிறகோரியார் நாகேஸ்வரியின் வாங்கடிக்கு வந்தார். கோபமாக வருகிறார் என்று நினைத்தாள். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“எனக்குத் தெரியும் தங்கச்சி, அவ என்ன சொன்னவ எண்டு. மச்சானெண்டு வாய்விட்டிட்டன். பிறகு மச்சானை வேண்டாமெண்டு சொல்ல விடேலுமோ? என்ரை கோட்டைக் கிழிச்சுப்போடுவினம். உமக்குப் பயமில்லையெண்டால் நீரே போய்ச் சொல்லும்.” மணியை நீட்டினார்.

பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் மணியை வாங்கினாள். திரைக்குப் பக்கத்தில் போய் நின்றபோது வெளிச்சம் அவள் முகத்தில் பாதியில் விழுந்தது. படிக்கட்டும், தொப்பியும், பெட்டியும் வந்தன. அவள் மணியை அடிக்கவில்லை. அந்தப் பெண்ணின் குரல் முழுதாகவே கேட்கட்டும் என்று விட்டாள். ஒவ்வொரு வசனத்துக்கும் பிறகு அவள் தமிழில் சொன்னாள்.

“எல்லாரும் கொஞ்சம் பேசாமல் இருங்கோ எண்டு சொல்லுறா.”

கொட்டகை பேசாமல் இருந்தது.

“அப்பா, நீங்கள் கேக்குக்குச் சொல்லிப்போட்டியள். பாட்டுக்காரருக்குச் சொல்லிப்போட்டியள். பூக்காரனுக்கும் சொல்லிப்போட்டியள். எனக்கு மட்டும் சொல்லேல்லை.”

யாரோ ஒருத்தி சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

“அவர் நல்ல பொடியன். நல்ல பொடியனெண்டதுக்காண்டி கட்டேலாது. ஊரிலை எத்தினை நல்ல பொடியங்கள்! எல்லாரையும் கட்டுறதோ?” இப்போது சிரிப்பு நிற்கவில்லை. நாகேஸ்வரி அது அடங்கும்வரை நின்றாள். எங்கே பார்த்துப் பேசுவது என்று தெரியாமல், இருட்டில் மாமி இருக்கிற திக்கைப் பார்த்தாள். “எனக்குக் கோவமில்லை. ஆனா என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டிருந்தால் நான் இல்லையெண்டு சொல்லியிருப்பன். இப்ப கேக்காமலே சொல்லுறன். இல்லை. நான் பட்டணத்துக்குப் பாட்டுப் படிக்கப் போறன்.”

திரையில் அந்தப் பெண் பெட்டியை மடியில் வைத்துக் கைப்பிடியில் சறுக்கி இறங்கி, வாசலைத் திறந்துகொண்டு போனாள். பொன்னம்பலத்தார் தடுமாறிக் கேக்கின் மேல் இருந்துவிட்டார். பொடியனும் சேர்ந்து சிரித்தான். விளக்குகள் எரிந்தன.

“மச்சானை வேண்டாமெண்டோ சொன்னவள்?” என்று ஒருத்தி கேட்டாள்.

“அவர் மச்சானில்லை. பக்கத்து வீட்டுக்காரர். ஒரு முறையுமில்லை.”

“அப்ப அந்தக் கொஞ்சினது?” கொட்டகை முழுக்கக் கிறகோரியாரைத் தேடித் திரும்பியது. முக்காலி மட்டும்தான் இருந்தது.

“மச்சானாயிருந்தாலும் ஒரு சொல்லுக் கேக்கத்தானே வேணும்,” என்றாள் பின் வாங்குக் கிழவி, வெற்றிலையை மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு.

வண்டிலில் ஏறியபிறகு மாமியால் அடக்க முடியவில்லை.

“நல்ல மானம் போச்சு! அத்தினை சனத்துக்கு முன்னாலை, ஒரு கலியாணப் பெட்டை, கூத்துக்காரி மாதிரி! சிவக்கொழுந்து, நீ எண்டாலும் பிடிச்சு இருத்தியிருக்கக் கூடாதோ?”

“நான் இழுத்தனான் மச்சாள். உவள் கேட்டாளே?”

“ஏதோ இங்கிலீசு தெரியுமெண்ட கெறுவிலை எழும்பிட்டாள். சரி, போகட்டும்,” என்று மாமி தன்னைத் தானே ஆற்றிக்கொண்டாள். “ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லாதது நல்லதாப்போச்சு. பொன்னுருக்கு முடிஞ்சால் எல்லாம் மறந்துபோம்.”

கொக்குவிலில் றெயில் கேற் பூட்டியிருந்தது. வண்டில் நின்றது. தில்லைநாதனும் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு நின்றான். மாடுகள் மூச்சுவிடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நாகேஸ்வரிக்கு இப்போது நன்றாகத் தெரிந்தது. கேற் திறந்தால் வண்டில் உருளும், மாமி வீடு வரும், வியாழக்கிழமை வரும், ஆசாரியார் வருவார். மறுமொழியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோக இனிக் காலமில்லை.

“மாமி, பொன்னுருக்க வேண்டாம்.”

“என்ன?”

“பொன்னுருக்க வேண்டாம். நான் கட்டமாட்டன்.”

மாமி சிரித்துப் பார்த்தாள். “அது படத்திலை சொன்னது, பிள்ளை. படம் முடிஞ்சுது.”

“படத்திலை சொன்னது அவ. இது நான் சொல்லுறன்.”

“பிள்ளை!” என்றாள் அம்மா. அந்தச் சத்தத்தில் பாதி பயம், மற்றப் பாதி என்னவென்று நாகேஸ்வரியால் அறிய முடியவில்லை. ஆனால் அம்மா இந்த முறை முந்தானையைப் பிடித்து இழுக்கவில்லை.

“என்னவாம் அம்மா?” என்று தில்லைநாதன் கேட்டான்.

“ஒண்டுமில்லை, நீ முன்னாலை போ ராசா.”

“கேற் பூட்டிக் கிடக்குது அம்மா. எங்கை போறது?”

நாகேஸ்வரி வண்டில் தட்டியை ஒதுக்கி அவனைப் பார்த்தாள். அவனை நேராகப் பார்த்து அவள் பேசியதே இல்லை. “மச்சான், உங்களிலை எனக்குக் கோவமில்லை. நீங்கள் நல்லவர். நான் உங்களைக் கட்டமாட்டன். உங்களையும் ஆராவது கேட்டவையோ எண்டு எனக்குத் தெரியாது. என்னை ஒருத்தரும் கேக்கேல்லை.”

தில்லைநாதனின் மற்றக் காலும் நிலத்துக்கு வந்தது. சைக்கிள் வேலியில் சாய்ந்தது. அவன் தாயைப் பார்த்தான், நாகேஸ்வரியைப் பார்த்தான், பிறகு சைக்கிளைப் பார்த்தான்.

“என்ரை தம்பி என்ன சொல்லப்போறான் தெரியுமோ உனக்கு?” என்றாள் மாமி. அவளுடைய குரல் தணிந்திருந்தது. “நமசிவாயம் உன்னை வெட்டிக் கொண்டுபோடுவான்.”

“ஐயாவுக்கும் நானே சொல்லுறன்.”

“உன்னை இனி ஆர் கட்டுவான்?”

“கேக்கிறவை ஆராவது வரட்டும். வராட்டி நான் உடுவிலிலை போய் ஏதும் படிப்பிக்கிறன். அங்கை கேட்டுப் பாக்கிறன்.”

மாமி கண்ணைத் துடைத்தாள். “உன்னை என்ரை பிள்ளை மாதிரியெல்லோ வளத்தனாங்கள். என்ன குறை வைச்சனாங்கள்?”

இது கடினமாக இருந்தது. அதட்டலுக்கு நிற்கலாம். இதற்கு நிற்பது கடினம். பணியாரப் பெட்டி மாமியின் மடியில் இருந்தது. மாமி விடியற்காலையில் எழும்பிச் சுட்டது. நாகேஸ்வரிக்கும் கண் கலங்கியது. ஆனாலும் அவள் சொல்லை மாற்றவில்லை.

“குறை ஒண்டுமில்லை மாமி. கட்டமாட்டன்.”

றெயில் போயிற்று. கேற் திறந்தது. வண்டில் குலுங்கித் தண்டவாளத்தைத் தாண்டி, மாமி வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பியது. தில்லைநாதன் சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே பின்னால் வந்தான்.

மாமி ஒரு வீட்டிலிருந்து விடைபெற்று எழும்பினால் படலையடியில் அரை மணித்தியாலம் பிடிக்கும். போட்டு வாறன் என்று மூன்று தரம் சொல்லுவாள். மறந்துபோன ஒரு கதையை நினைத்துக்கொண்டு திரும்பி வருவாள். மாட்டுக்கும் ஏதாவது சொல்லுவாள். இன்று வண்டில் நின்றது. அம்மா, “மச்சாள்...” என்று தொடங்கினாள். மாமி பணியாரப் பெட்டியை நாகேஸ்வரியின் பக்கத்தில் வைத்தாள். வண்டிற் சட்டத்தைப் பிடித்து மெல்ல இறங்கினாள். நாகேஸ்வரி தலையைக் குனியாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியும் ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு சீலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு, படலையைத் திறந்து, ஒரு சொல்லும் சொல்லாமல் உள்ளே போனாள்.